கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும்
கோவில் சித்திரச் சீலையின் சரித்திரம்

தேர்த் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தேர் என்றதும் நினைவில் எழுவது வடமும், சக்கரமும், முட்டுக்கட்டை போடுகிறவரின் சாமர்த்தியமும்தான். தேரின் மேலிருந்து நீண்ட உருளைகளாகத் தொங்கி, தேர் அசையும்போது தாமும் அசைகிற தொம்பைகளைப் பார்க்காதவர் இல்லை. நின்று கவனித்தவர் குறைவு. யாளியும் அன்னமும் கிளியும் தாமரையுமாக அவற்றில் காணும் சித்திரங்களை ஒரு காலத்தில் கையாலேயே எழுதினார்கள். ஸ்வாமிக்கு மேலே கட்டும் விதானமும், வாயிலில் கட்டும் தோரணமும் அப்படியே.

அந்தச் சித்திரத்துக்கு வேண்டிய சரக்குகளைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். கடுக்காய், எருமைப் பால், துருப்பிடித்த இரும்பு, வெல்லம், படிகாரம், மணலில் முளைக்கும் ஒரு பூண்டின் வேர், ஒரு மூங்கில் குச்சி, ஓடுகிற ஆற்று நீர். பொன்னும் இல்லை, மணியும் இல்லை. இவற்றைக் கொண்டு எழுதிய பருத்தித் துணிதான் பழவேற்காட்டுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் கப்பல்களை வரவழைத்தது. பிரான்சும் இங்கிலாந்தும் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அங்குள்ளவர்களை மயக்கியது.

பெயரும் பழமையும்

இன்று இக்கலைக்கு வழங்கும் பெயர் கலம்காரி. பாரசீக மொழியில் கலம் என்றால் எழுதுகோல்; காரி என்றால் வேலை. கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில், பாரசீக வியாபாரிகளும் ரசிகர்களும் மசூலிப்பட்டினத்தில் நிறைந்திருந்தபோது பரவிய சொல் இது. பெயர் பிறமொழியானாலும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தியது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கின் மேலே ஓவியம் தீட்டிய விதானம் கட்டியிருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். அது எந்தச் சாயம், எந்த முறை என்பதைக் காவியம் சொல்லவில்லை. ஆனால் சித்திரம் எழுதிய துணியை மேற்கட்டியாகக் கட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் அன்றே இருந்தது என்பது தெளிவு.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதினார். ரோமாபுரியோடு வாணிபம் நடந்த காலத்துத் தொட்டிகள் அவை.

அஞ்சறைப் பெட்டிச் சரக்கு

இக்கலையின் சூட்சுமம் பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கு தப்பினால் எல்லாமே பாழ்.

முதற்படி கடுக்காய். திரிபலையில் ஒன்றாக மருந்துப் பெட்டியில் இருக்கும் அதே கடுக்காய்தான். அதை இடித்து, எருமைப் பாலில் கலந்து, வெளுத்த பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து உலர்த்துவார்கள். கடுக்காயில் இருப்பது டானின் என்ற துவர்ப்புச் சத்து. அது பருத்தி நூலோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் சாயத்துக்கு இடம் செய்து வைக்கிறது. பாலின் வேலை வேறு. அதிலுள்ள கொழுப்பு, எழுதுகிற மை துணியில் கசிந்து பரவாமல் காக்கிறது. பசும்பாலை விட எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதை ரசாயனம் படிக்காமலே அந்தக் கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள்.

அடுத்தது கறுப்பு. துருப்பிடித்த ஆணி, லாடம் போன்ற இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் போட்டு, மண்பானையில் இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுவார்கள். வெல்லம் புளித்து அமிலமாகிறது. அமிலம் இரும்பைக் கரைக்கிறது. அந்த நீரைத் தொட்டு, கடுக்காய் ஏறிய துணியில் கோடு இழுத்தால், மங்கலாக விழுந்த கோடு பார்த்துக் கொண்டிருக்கும்போதே கறுக்கும். டானினும் இரும்பும் சேர்ந்து கரையாத கருமையாக மாறுவதே காரணம். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக் கொண்டால், உடம்பு அதை எடுத்துக்கொள்ள இயலாது. வயிற்றில் வேண்டாத இந்தச் சேர்க்கைதான் துணியில் மையாகிறது.

எழுதுகோலும் எளியதே. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளி அல்லது பழந்துணியைப் பந்தாகச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். பந்து மையை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் நுனிக்கு மை இறங்கும். முதல் உருவத்தைப் போடுவது புளியங்குச்சியைச் சுட்ட கரியால்.

சிவப்புத்தான் எல்லாவற்றிலும் அதிசயமானது. சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்டுவதில்லை. படிகார நீரைத் தீட்டுகிறார்கள். சவரக் கடையில் முகத்தில் தேய்க்கும் அந்தப் படிகாரத்துக்கு நிறமே இல்லை. ஆகவே, தீட்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதற்காக அதில் சிறிது செந்நிறம் சேர்ப்பதும் உண்டு. பிறகு துணியை ஆற்றில் அலசி, சாயவேர் போட்ட பானையில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை இறுகப் பிடித்துக் கொள்ளும். மற்ற இடத்தில் ஏறுவது வெறும் கறை. ஒரே பானையில் போட்ட துணி பல நிறங்களோடு வெளிவருவதை எகிப்தில் நடக்கும் அதிசயமாக ரோமானிய ஆசிரியர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்.

சாயவேர் என்பது சித்த வைத்தியத்தில் இருமலுக்கும் ரத்தம் கக்குவதற்கும் கொடுக்கும் இம்பூறலின் வேர். கடலோர மணலில் தானாக வளரும் சிறு பூண்டு அது. சோழமண்டலக் கரையில் மட்டுமின்றி யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் கிடைத்தது. டச்சுக்காரர் ஆட்சியில் அங்கே சாயவேர் தோண்டுவது அரசாங்கத்துக்கு வருமானம் தரும் தொழிலாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜனாக வந்து தாவர சாஸ்திரியாகப் புகழ்பெற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், 1795 முதல் வெளிவந்த தமது சோழமண்டலத் தாவரங்கள் பற்றிய நூலில் இச்செடிக்கு இடம் கொடுத்தார்.

வெண்மை வேண்டிய இடத்தில் ஏறிய கறையை நீக்க, சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, ஆற்று மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலில் வெளுப்பார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் அச்சுத்துணி ஆலைகளிலும், துணியில் ஒட்டாமல் நின்ற படிகாரத்தையும் இரும்பையும் நீக்க மாட்டுச் சாணத் தொட்டிகளையே வைத்திருந்தார்கள்.

நீலத்துக்கு அவுரி. நீலம் படக்கூடாத இடம் முழுவதையும் தேன்மெழுகால் மூடி, துணியை நீலத் தொட்டியில் முக்கி எடுத்து, வெந்நீரில் மெழுகைக் கரைத்து விடுவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. இத்தனை படியிலும் துணி மீண்டும் மீண்டும் ஆற்றுக்குப் போய் வரும். 1693ஆம் ஆண்டு சோழமண்டலக் கரையைப் பற்றி நூல் எழுதிய டச்சுக்காரர் டேனியல் ஹவார்ட், கோதாவரிப் பக்கத்துப் பாலகொல்லு ஓவியர்களின் வேலை நத்தை ஊர்வது போல் நடப்பதைக் கண்டு, அவர்களைப் பொறுமைக்கே உருவமாகச் சொல்லியிருக்கிறார்.

சட்டம் போட்டுத் தடுத்த துணி

ஐரோப்பியக் கம்பெனிகள் இத்துணியை முதலில் தேடியது தங்கள் தேசத்துக்காக அல்ல. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் விற்றவர்கள் அவற்றுக்கு ஈடாக விரும்பிக் கேட்டது சோழமண்டலத் துணியை. அதற்காகவே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் நிலைகொண்டு, 1613ஆம் ஆண்டு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சுலவேசித் தீவின் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைப் புனிதப் பொருளாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தார்கள். ஆங்கிலேயர் 1639ஆம் ஆண்டு சென்னையில் இடம் பிடித்ததற்கும் அங்கே துணி மலிவு என்பதே முக்கிய காரணம். 1734ஆம் ஆண்டு அவர்கள் நெசவாளர்களோடு துணியில் சித்திரம் எழுதுகிறவர்களையும் வெளுப்பவர்களையும் குடியேற்றிய பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

பின்னர் இத்துணி ஐரோப்பாவுக்கே போனது. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணியை அதுவரை அங்கே கண்டவர் இல்லை. கம்பளியும் பட்டும் உடுத்தியவர்கள் இதற்கு மாறினார்கள். அங்குள்ள நெசவாளர்களுக்கு வயிற்றில் அடி விழுந்தது. பிரான்ஸ் 1686ஆம் ஆண்டு இத்துணியைத் தடை செய்தது. இங்கிலாந்துப் பார்லிமெண்ட் 1700ஆம் ஆண்டு கீழ்நாட்டுச் சித்திரத் துணிகளைத் தடுத்தது. அதுவும் போதாமல், லண்டன் பட்டு நெசவாளர்கள் 1719ஆம் ஆண்டு கலகம் செய்து, தெருவில் போன பெண்களின் மேலிருந்த அச்சுத் துணிகளைக் கிழித்தெறிந்த பிறகு, 1720ஆம் ஆண்டில் இன்னும் கடுமையான சட்டம் கொண்டு வந்தது. கடுக்காயும் துருவும் செய்த காரியம் இது.

பாதிரியாரின் கடிதம்

தடுத்துப் பார்த்தும் ஆசை அடங்காதபோது, ரகசியத்தை அறிவதே வழியென்று தோன்றியது. 1734ஆம் ஆண்டு வாக்கில் புதுச்சேரியில் இருந்த பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி, சித்திரம் எழுதுவதை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து, படிப்படியாக வேலை நடந்த துணியின் மாதிரித் துண்டுகளையும் பாரிசுக்கு அனுப்பினார். 1742ஆம் ஆண்டு ஜனவரியில் யேசு சபைப் பாதிரியார் கெர்தூ ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை முதலில் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவராக மொழி ஆராய்ச்சியாளர்கள் போற்றுகிறவர் இவரே. தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளிகளைத் தனித்தனியே பலமுறை விசாரித்து, அவர்கள் சொன்னதை ஒப்பிட்டு எழுதியதாக அவர் தெரிவிக்கிறார். கடுக்காய், எருமைப் பால், துரு, படிகாரம், சாயவேர், மெழுகு, சாணம் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. கடிதம் பாரிசில் அச்சேறியது. சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் நிற்கவில்லை.

1759ஆம் ஆண்டு பிரான்ஸ் தடையை நீக்கியது. மறு வருஷமே பாரிசுக்கு அருகே ழூயி என்ற ஊரில் ஒபெர்காம்ப் என்பவர் அச்சுத்துணி ஆலை தொடங்கிப் பெரும் செல்வந்தரானார். இங்கிலாந்து 1774ஆம் ஆண்டு தடையை விலக்கியது; 1783ஆம் ஆண்டு தாமஸ் பெல் செப்பு உருளையால் துணியில் அச்சிடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் வாரக்கணக்கில் எழுதியதை இயந்திரம் நிமிஷக் கணக்கில் அச்சிட்டது. அந்தத் துணி இந்தியச் சந்தைக்கே வந்து மலிவாக விலை போனது.

கடைசி அடி ரசாயனசாலையிலிருந்து வந்தது. சாயவேரிலும் மஞ்சிட்டி இனத்து வேர்களிலும் இருக்கும் சிவப்புக்கு மூலமான அலிசரினை, கிராபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் கரித்தார்ப் பொருளிலிருந்து செய்து காட்டினார்கள். 1869ஆம் ஆண்டு அது காப்புரிமை பெற்றது. 1897ஆம் ஆண்டு செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. வேர் தோண்டியவருக்கும் அவுரி பயிரிட்டவருக்கும் வேலை போயிற்று.

புதிய சாயத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1895ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகர சர்ஜன் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு மூத்திரப்பையில் புற்றுக்கட்டி வருவதைக் கண்டு எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் பற்றிய மருத்துவ அறிவில் இது ஒரு மைல்கல். தமிழ்நாட்டிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட வேண்டியதாயிற்று. இதனால் பழைய முறை முற்றிலும் தூயது என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் ஏராளமான ஆற்று நீர் வேண்டும். படிகாரமும் இரும்பும் நீரில்தான் கலக்கும். ஆனால் கையால் எழுதும் சீலையின் அளவு எங்கே, ஆலையின் அளவு எங்கே!

கோவில் காத்த கலை

அரசர்களை நம்பிய வேலை அரசர்களோடு போயிற்று. கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சரிகை இழையோடு நெய்து, மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய சேலைகள் உலகப் புகழ் பெற்றவை. 1855ஆம் ஆண்டு தஞ்சையின் கடைசி அரசர் இரண்டாம் சிவாஜி மறைந்து ராஜ்யம் கம்பெனியிடம் போனபின், ஆதரிப்பார் இன்றி 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தச் சேலை நின்றுபோயிற்று.

கோவிலை நம்பியவர்கள் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தார்கள். கும்பகோணம் வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில், நாயக்கர் காலத்தில் வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தொம்பையும் தோரணமும் விதானமும் எழுதி வந்தார்கள். சொர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள காளஹஸ்தியில் ராமாயண, பாரதக் கதைகளைக் கட்டம் கட்டமாகத் திரைச்சீலையில் எழுதும் வேலையும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அணையும் நிலைக்கு வந்தது. 1952ஆம் ஆண்டு அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைவி கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கி, புதிய தலைமுறைக்குக் கலையைக் கற்றுக் கொடுத்தார்கள். 2021ஆம் ஆண்டு கருப்பூர்க் கலம்காரி ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான், ஆனால் குறியீடு தானாகச் சீலை எழுதாது. எழுதச் சொல்லிக் கேட்பவர் வேண்டும்.

அழிவதும் புதுப்பிப்பதும்

சோழமண்டலத்துப் பழைய சித்திரத் துணிகளைப் பார்க்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கோ, கனடாவின் டொராண்டோவிலுள்ள ராயல் ஒண்டாரியோ மியூசியத்துக்கோ போக வேண்டும். சீமான்களின் படுக்கையறைத் திரையாக இருந்து, வெயில் படாமல் மடித்து வைக்கப்பட்டவை பிழைத்தன. நம் கோவில் சீலைகள் பிழைக்கவில்லை. காரணம் அலட்சியம் மட்டுமல்ல, அவை உழைத்தன. வெயிலிலும் தூசியிலும் தீபப் புகையிலும் உற்சவத்துக்கு உற்சவம் தொங்கின.

அன்றியும், துருவால் எழுதிய கறுப்புக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு நாளடைவில் பருத்தியை அரித்துவிடும். மியூசியத்துத் துணிகளிலேகூட, சிவப்பும் நீலமும் நேற்றுத் தீட்டியதுபோல் இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்றுப் பொடிந்திருப்பதைப் பார்க்கலாம். எழுதும்போதே அழிவும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. எனவே இக்கலை என்றும் ஒரு துணியில் குடியிருந்ததில்லை. பழைய சீலை நைந்ததும் கோவில் புதியது கேட்க, தகப்பன் எழுதியதை மகன் திரும்ப எழுத, அந்தத் தொடர்ச்சியில்தான் உயிர் வாழ்ந்தது. பத்து வருஷம் யாரும் கேட்காமல் இருந்தால், கடுக்காய் இருக்கும், துரு இருக்கும், வரிசை தெரிந்த கை இருக்காது.

கடல் கடந்து எழும்பும் கோவில்களில் இப்போது கம்ப்யூட்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக் பதாகையே விதானத்தின் இடத்தைப் பிடித்து வருகிறது. விலை குறைவு, நாளைக்கே கைக்கு வரும், மழைக்கு அஞ்சாது. அதன் சௌகரியத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாலுக்கும் பூவுக்கும் பிரசாதத்துக்கும் உபயதாரர் பட்டியல் போடும் சங்கங்கள், சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு சீலைக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கினால், சிக்கல்நாயக்கன்பேட்டையிலோ காளஹஸ்தியிலோ ஒரு குடும்பத்துக்குப் பல வாரத்து வேலை கிடைக்கும். நைந்தால் மீண்டும் எழுதச் சொல்லலாம், அதுதான் முறையும்கூட.

குழந்தைகளுக்கு இதைக் காட்டிக் கொடுக்கக் காளஹஸ்திக்குப் போக வேண்டியதில்லை. கடுக்காய் கிடைக்காத ஊரிலும் தேயிலை உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியைக் கெட்டியான தேநீரில் ஊறவைத்து உலர்த்தி, துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் போட்டு வடித்த நீரால், குச்சியில் பஞ்சு சுற்றி எழுதினால், கோடு கண்ணெதிரே கருக்கும். பாத்திரம் சமையலுக்கு உதவாததாக இருக்கட்டும். இரும்பு நீர் சிறு குழந்தைகளுக்கு நஞ்சு, ஆதலால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். செலவு சில காசுகள். பழவேற்காட்டிலும் பாலகொல்லுவிலும் கோடு கறுத்தது இதே விதமாகத்தான் என்பதை அந்தக் குழந்தைகள் கண்ணால் பார்த்துக் கொள்வார்கள்.